மலையடிவாரத்து ரமண நகர்

திருவண்ணாமலைக்கு யாத்திரை வருகிறவர்களில் பெரும்பாலோர் 217 அடி உயரமுள்ள ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்து, உள்ளே சென்று அண்ணாமலையாரையும் உண்ணாமுலையம்மையையும் தரிசித்து, முடிந்தால் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலமும் வந்து, அன்றிரவே ஊர் திரும்பிவிடுகிறார்கள். கோயிலிலிருந்து செங்கம் சாலை வழியாகச் சுமார் இரண்டு கிலோமீட்டர் சென்றால், மலையின் தென்புறத்து அடிவாரத்தில் ஒரு சிறு பேட்டை இருக்கிறது. அதன் பெயர் ரமண நகர். அதைப் பற்றித்தான் இந்த வாரம் நம் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறோம். கோயில் நகரத்துக்குள் அடங்கியும் அடங்காமலும் நிற்கிற இந்தப் பேட்டையின் கதையில், நம் தேசத்துப் பெருநகரங்கள் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற ஒரு கேள்வி இருக்கிறது.

மார்கழி மாதத்துக் காலை வேளையில் நாம் அங்கே போய் இறங்கினோம். பெரிய கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளின் இரைச்சலுக்குப் பழகிய காதுக்கு இந்தத் தெருக்கள் வேறோர் ஊர் போலத் தோன்றும். மதிற்சுவருக்குப் பின்னால் மாமரமும் தென்னையும் நிற்க, மாடியிலிருந்து மலையைப் பார்க்கத் தோதாகக் கட்டப்பட்ட வீடுகள். வாயிலில் சுத்தமாகப் போட்ட கோலம். எங்கோ ஒரு மயில் அகவுகிறது. வெள்ளை வேஷ்டி கட்டிய ஐரோப்பியர் ஒருவர் சைக்கிளில் போகிறார். ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர் தம்பதிகள் தெலுங்கில் பேசியபடி நடந்து வருகிறார்கள். காப்பிக் கடையின் பலகையில் ஐந்து பாஷைகளில் விலைப்பட்டியல் எழுதியிருக்கிறது. கார்த்திகை தொடங்கி மாசி வரையில் அயல் தேசத்தார் வருகிற பருவம். அக்காலத்தில் அறை வாடகை ஏறுவதும் கோடையில் இறங்குவதும் இங்கே எல்லோரும் அறிந்த பஞ்சாங்கம்.

இப்படிப்பட்ட இடங்களை அமெரிக்க தேசத்தில் நிறையப் பார்க்கலாம். பெருநகரத்தின் புகையும் நெருக்கமும் வேண்டாமென்று, வசதி படைத்தோர் சற்றுத் தள்ளிப் போய்த் தமக்கென்று அமைத்துக்கொண்ட சிற்றூர்கள் அவை. நியூயார்க்குக்கு மேற்கே, நியூஜெர்ஸியில் லூயலின் பார்க் என்றொரு குடியிருப்பு 1857-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. மரங்கள் அடர்ந்த வளைந்த சாலைகள். உள்ளே நுழையும் இடத்தில் காவல் வீடும் வாயிலும். மின்சார விளக்கைப் பரப்பிய எடிஸன் 1886-ல் அங்கே ஒரு மாளிகை வாங்கி வாழ்ந்தார். இத்தகைய ஊர்களில் முதலில் காவற்காரன் வாயிலைக் காத்தான். பிறகு சட்டமே அந்த வேலையை எடுத்துக்கொண்டது. ஓஹையோ மாகாணத்து யூக்ளிட் என்ற சிற்றூர், எந்தப் பகுதியில் எத்தகைய கட்டடம் கட்டலாம் என்று விதி வகுத்ததை 1926-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. அதன் பின்னர், 'இன்ன அளவுக்குக் குறைந்த மனையில் வீடு கட்டலாகாது' என்று ஊருக்கு ஊர் விதி எழுந்தது. ஏழையை வராதே என்று யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சிறு மனை இல்லாத ஊரில் அவன் எங்கே வந்து இருப்பான்?

ரமண நகரின் பிறப்பு இதற்கு நேர்மாறானது.

1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி, திருச்சுழியில் பிறந்து மதுரையில் படித்துக்கொண்டிருந்த பதினாறு வயதுப் பையன் வேங்கடராமன், திருக்கோவலூரிலிருந்து ரயிலேறி இவ்வூரில் வந்து இறங்கினான். கையில் இருந்ததைக் குளத்தில் எறிந்துவிட்டுக் கோயிலுக்குள் புகுந்தான். பிற்காலத்தில் ரமண மகரிஷி என்று உலகம் போற்றியவர் அவரே. விரூபாக்ஷ குகையிலும் ஸ்கந்தாச்ரமத்திலுமாக நெடுங்காலம் மலைமேல் வாழ்ந்தார். 1922-ஆம் வருஷம் மே மாதம் 19-ஆம் தேதி அவருடைய தாயார் அழகம்மாள் காலமானார். அம்மையாரின் உடலை மலைமேல் அடக்கம் செய்யலாகாதென்று கீழே கொணர்ந்து, தென்புறத்தில் பாலி தீர்த்தத்தை ஒட்டிய இடத்தில் சமாதி வைத்தார்கள். அதன்மேல் ஒரு கீற்றுக் கொட்டகை போடப்பட்டது. மகரிஷி தினமும் மலையிலிருந்து இறங்கி வந்து போனார். அவ்வருஷக் கடைசியில் ஒரு நாள் வந்தவர் திரும்பிப் போகவில்லை. இந்தப் பேட்டைக்கு அஸ்திவாரம் போட்ட கதை இவ்வளவுதான்.

1924-ஆம் வருஷம் ஜூன் மாதம் ஒரு நள்ளிரவில் கள்வர்கள் அந்தக் கொட்டகைக்கு வந்தார்கள். உள்ளிருந்த சீடர்கள் தடியெடுக்கக் கிளம்பினார்கள். மகரிஷி அவர்களைத் தடுத்து, வந்தவர்கள் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று கதவைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிட்டார். கள்வர்கள் அவரையும் தொடையில் அடித்தார்கள். தேடித் தேடிப் பார்த்தும் அவர்களுக்குக் கிடைத்தது அற்ப சொற்பமே. சொத்துக்குக் காவல் போட்டு உண்டானவை அமெரிக்கப் புறநகர்கள்; கள்வனுக்கும் கதவு திறந்த இடத்தைச் சுற்றி உண்டானது இந்தப் புறநகர். இந்த வித்தியாசத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

ஆச்ரமம் வளர்ந்தபோது வீடுகள் ஏன் வெளியே முளைத்தன? காரணம் மிகவும் எளியது. இரவு வேளையில் ஸ்திரீகள் ஆச்ரமத்துக்குள் தங்கக்கூடாது என்பது அக்காலத்து நியமம். பொழுது சாய்ந்ததும் அவர்கள் வெளியேறிவிட வேண்டும். தொலைவிலுள்ள ஊருக்குள் போய் விடியுமுன் மறுபடியும் நடந்து வருவது எல்லோருக்கும் இயலுமா? ஆகையால் குடும்பத்தோடு வந்தவர்களும், தனியாக வந்த விதவைகளும், ஆச்ரமத்தின் எதிரிலும் பக்கத்திலும் சிறு வீடுகள் கட்டிக்கொண்டார்கள். அல்லது குடக்கூலிக்கு அமர்ந்தார்கள். மகரிஷியின் அன்றாட வாழ்க்கையைத் தெலுங்கில் கடிதங்களாக எழுதி வைத்த சூரி நாகம்மாள் அவ்வாறு வாழ்ந்தவர்களில் ஒருவர். ஆண்களில் சந்நியாச மனோபாவம் உடையவர்கள் மேற்கே பலாக்கொத்து என்னும் தோப்பில் குடிசை போட்டார்கள். முருகனாரும் குஞ்சு சுவாமியும் அங்கே இருந்தவர்கள். ஆச்ரமத்துக் கட்டடங்கள் பலவற்றை முன்னின்று கட்டுவித்த அண்ணாமலை சுவாமி, 1938-ல் அங்கே சென்று, 1995-ல் காலமாகும் வரையில் அங்கேயே இருந்தார். எதிர்ப்புறத்தில் மோர்வி சமஸ்தானத்து மகாராஜா ஒரு விருந்தினர் விடுதி கட்டிக் கொடுத்தார். குடிசையும் மகாராஜாவின் விடுதியும் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

கடல் கடந்தும் ஆட்கள் வந்தார்கள். பால் பிரண்டன் எழுதி 1934-ல் வெளிவந்த புத்தகத்தால் மேனாட்டில் மகரிஷியின் பெயர் பரவிற்று. 1935 நவம்பரில் சாட்விக் என்ற ஆங்கிலேய ராணுவ மேஜர் வந்தார். ஆச்ரமத்துக்குள் குடில் கட்டிக்கொள்ள அனுமதி பெற்று, 1962-ல் காலமாகும் வரையில் இவ்வூரைத் தம் ஊராகக் கொண்டார். 1936-ல் வந்த கோஹன் ஈராக் தேசத்தில் பிறந்த யூதர். அவர் பலாக்கொத்தில் மண் குடிசை ஒன்று கட்டிக்கொண்டார். இரண்டாவது உலக யுத்த காலத்தில் ஸ்விட்ஸர்லாந்து தேசத்து யாத்திரிகை எல்லா மையார் இங்கே வந்து தங்கினார். 1938 ஆகஸ்டில் ராஜேந்திர பிரஸாதும் ஜம்னாலால் பஜாஜும் வந்து சில நாட்கள் இருந்து போனார்கள். நம்மை ஆண்டுகொண்டிருந்த ஜாதியைச் சேர்ந்த ராணுவ மேஜரும், பின்னர் நம் குடியரசின் முதல் தலைவரானவரும், கோவணம் தவிர வேறு உடைமை இல்லாத ஒருவர் முன்னால் அதே கூடத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். தேசம் அடிமைப்பட்டிருந்த நாளில் இது சிறிய விஷயமல்ல.

அக்காலத்து ரமண நகர்க் குழந்தை ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஸயாமில் பேராசிரியராக இருந்த ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர், தம் மனைவியையும் மூன்று குழந்தைகளையும் 1941-ல் திருவண்ணாமலையில் விட்டுச் சென்றார். யுத்தத்தில் ஜப்பானியர் அவரைச் சிறை வைத்துவிட்டதால் நான்கு வருஷம் அக்குடும்பம் அவரைப் பார்க்கவே இல்லை. மலையையும் மகரிஷியையும் பார்த்து வளர்ந்த அக்குழந்தைகளில் ஒருவர் ஆடம் ஆஸ்பர்ன். அவர் பிற்பாடு அமெரிக்காவுக்குச் சென்று, கையில் தூக்கிச் செல்லக்கூடிய கம்ப்யூட்டரை 1981-ல் முதன்முதலாகப் பெரிய அளவில் விற்றுக் காட்டினார். அதன் எடை சுமார் பதினொரு கிலோ. விலை 1,795 டாலர். இரண்டே வருஷத்தில் கம்பெனி முறிந்தது. கடைசிக் காலத்தில் அவர் நம் நாட்டுக்குத் திரும்பி வந்து, 2003-ல் கோடைக்கானலில் காலமானார். தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் இங்கேயே தங்கி, 1964-ல் ஆச்ரமத்தின் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கி நடத்தி, 1970-ல் மறைந்தார். செல்வம் தேடப் போனவருக்கும் செல்வத்தை விட்டு வந்தவருக்கும் ஒரே வீடு.

1950-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி இரவு மகரிஷி சமாதியடைந்தார். விளக்கு அணைந்தபின் பூச்சிகள் விலகுவது போல ஆட்கள் கலைந்துவிடுவார்கள் என்று பலரும் எண்ணினார்கள். சில வருஷங்கள் அப்படித்தான் இருந்தது. அன்று குடக்கூலிக்கு விடப்பட்ட வீடுகள் காலியாகக் கிடந்தன. ஆனால் சிலர் போகவில்லை. மகரிஷி போய்விட்டார் என்பதை அவர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. அந்தச் சிலரால் ஆச்ரமம் நிலைத்தது. மெல்ல மெல்லப் புத்தகங்கள் மூலம் பெயர் பரவி, மறுபடியும் ஜனங்கள் வந்தார்கள். மொட்டையாகிக் கிடந்த மலையில் 1980-களின் இறுதியிலிருந்து மரம் நடும் முயற்சிகள் நடந்தன. அதில் உள்ளூராரும் அயல் தேசத்தாரும் சேர்ந்து உழைத்தார்கள். கோடையில் தீப் பரவாமல் இருக்கப் புல் வெட்டிக் காப்புக்கோடு அமைப்பதும் அந்த வேலையில் சேர்ந்தது. இன்று மலைச்சரிவில் தெரியும் பசுமைக்கு அவர்களுடைய வியர்வையும் ஒரு காரணம்.

மலை பசுமையாயிற்று, அடிவாரத்து மண் பொன்னாயிற்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களும், சென்னை, பெங்களூர், ஹைதராபாத்தில் பொருள் ஈட்டியவர்களும், கடைசிக் காலத்தை அருணாசலத்தின் நிழலில் கழிக்க ஆசைப்பட்டார்கள். அண்மைக் காலத்தில் ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வரும் யாத்திரிகர்களின் கூட்டமும் பெருகிவிட்டது. வயலாயிருந்தவை மனைகளாகவும், மனைகள் மாடி வீடுகளாகவும், மாடி வீடுகள் விடுதிகளாகவும் மாறின. ஆசைப்பட்டவர்களைக் குறை கூற நமக்கு யோக்கியதை இல்லை. நாமும் அன்று காலை ஒரு தரகரிடம், 'மலை தெரிகிற மாதிரி ஒரு சிறிய மனை கிடைக்குமா?' என்று விசாரித்தோம். அவர் விலை சொன்னார். சென்னையில் கேட்கிற விலை போல இருந்தது. மேலே பேசாமல் நடையைக் கட்டினோம்.

ஆச்ரமத்து வாயிலருகில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு மூதாட்டியிடம் கதம்பம் வாங்கினோம். இவ்வூரில் வந்தவர்கள் எல்லோருக்கும் 'சாமி' என்றே பெயர். எந்த ஊர் என்று நாம் கேட்டதற்கு அந்த அம்மாள் கையை நீட்டித் தெருவைக் காட்டினாள்.

"இந்த ஊர்தான் சாமி. எங்க மாமனாரு காலத்துல இந்தாண்ட எல்லாம் கேவுரும் மல்லாட்டையுந்தான். பெரிய பொண்ணு கண்ணாலத்துக்கு நெலத்த வித்துட்டோம். அன்னிக்கு அது பெரிய பணம். இன்னிக்கு அந்தப் பணத்துக்கு அந்த மண்ணுல ஒரு கூடகூட அள்ள முடியாது. இப்ப ரெண்டு ஊரு தள்ளி வாடகைக்கு இருக்கறோம். காலையில மொத பஸ்ஸுக்கு வந்துருவேன்."

"வாங்கினவர்கள்மேல் வருத்தம் உண்டா, அம்மா?" என்று கேட்டோம்.

"அவங்க மேல என்ன சாமி வருத்தம்? நல்ல மனுசங்க. வருசா வருசம் தீவாளிக்குப் பொடவ எடுத்துக் குடுக்கறாங்க. அந்த ஊட்டுலதான் என் மருமவ பாத்திரம் தேய்க்கறா."

சொல்லிவிட்டு அடுத்த முழத்தை அளக்கத் தொடங்கினாள். குரலில் குறையே இல்லை. நமக்குத்தான் கதம்பத்தை வாங்கிக்கொண்டு நகரக் கால் வரவில்லை.

மண்ணின் விலை ஏறும்போது மனிதர்கள் எங்கே போகிறார்கள் என்பதற்கு வேறொரு பதிலும் இந்த மலைக்கு உண்டு. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. மலையின் மறுபக்கத்தில், நகரத்தை ஒட்டிய சரிவில், மேலே மேலே ஏறிக் கட்டிய சிறு வீடுகள் இருக்கின்றன. சமதளத்தில் இடம் வாங்க முடியாதவர்கள் சரிவில் ஏறுவது உலக வழக்கம். 2024-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி, ஃபெஞ்சல் புயலின் பெருமழையில் பாறையும் மண்ணும் சரிந்து, வ.உ.சி. நகரில் ஒரு வீட்டைப் புதைத்தன. ஏழு பேர் மாண்டார்கள். அவர்களில் ஐவர் சின்னஞ்சிறுவர்கள். மலையைப் பார்ப்பதற்காக அடிவாரத்தில் மாடி கட்டுகிறோம் நாம்; மலையே மேலே விழக்கூடிய இடத்தில் வாழ்கிறார்கள் அவர்கள். இரண்டும் ஒரே அருணாசலத்தின் இரு பக்கங்கள்.

ரமண நகரில் காவற்காரன் நிற்கும் வாயில் இல்லை. பெருமனை வேண்டும் என்ற விதியும் இல்லை. ஆயினும், வாயிலும் விதியும் அமெரிக்காவில் செய்ததை விலை இங்கே சந்தடியில்லாமல் செய்துகொண்டிருக்கிறது. காவற்காரனிடம் கெஞ்சலாம், அநியாயமான சட்டத்தை எதிர்த்து வழக்காடலாம். விலையிடம் யார் போய் முறையிடுவது? கள்வனுக்கும் கதவு திறந்த கொட்டகையைச் சுற்றி எழுந்த ஊரில், அந்தக் கொட்டகைக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இடம் இல்லையென்றால், அந்த ஊருக்கு மகரிஷியின் பெயர் எவ்வளவு காலம் பொருந்தும்?

பரிகாரம் இல்லாமல் இல்லை. திருவண்ணாமலை 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்திருக்கிறது. புதிய மாநகராட்சி புறநகருக்குச் சாலையும் விளக்கும் போடும்போதே, அங்கே பூ விற்கிறவர்களுக்கும், சமைக்கிறவர்களுக்கும், ஆட்டோ ஓட்டுகிறவர்களுக்கும் பத்திரமான சமதளத்தில் குறைந்த வாடகை வீடுகள் கட்டித் தர முன்வரலாம். மலைச்சரிவில் அபாயமான இடத்தில் இருப்பவர்களை, பிழைப்பு கெடாத தூரத்தில் குடியமர்த்தலாம். புதிதாக விடுதி கட்டுகிறவர்கள், தங்களிடம் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்காவது அந்த வளைவிலேயே ஓர் அறை ஒதுக்கலாம். வசதியுள்ள பக்தர்கள் இதைத் தர்மமாக நினைக்க வேண்டியதில்லை. பழைய ரமண நகரில் மகாராஜாவின் விடுதியும் சந்நியாசியின் குடிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்த ஒழுங்கை மீட்பதாக நினைத்தால் போதும்.

நாம் அன்று முற்பகலில் ஆச்ரமத்துக்குள் சென்றபோது, சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. விருந்தினர்கள் சமாதி மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே காவி உடுத்த சாதுக்களும் ஏழைகளும் பாத்திரத்தோடு வரிசையாக நின்றிருந்தார்கள். பெரிய அண்டாக்கள் முதலில் அவர்களிடம்தான் சென்றன. மகரிஷி காலத்திலிருந்து நடந்து வருகிற முறை இது என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். அவர்கள் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் உள்ளே விருந்தினர்களுக்கு இலை போட்டார்கள்.

பசி நேரத்தில் நாம் சற்றுக் காத்திருக்க வேண்டியிருந்தது. அது நமக்கு நல்லதாகவே பட்டது. சோற்றில் இருக்கிற இந்த வரிசை மண்ணிலும் வருமானால், மகரிஷி கதவைத் திறந்துவிட்ட அந்த ராத்திரியை ரமண நகர் மறக்கவில்லை என்று நாமும் நம்பலாம்.